கலகத்தின் பின் வரும் ஆலோசகர்



ஒரு நாட்டிலே கலகம் மூண்டு அடங்கியபின் ஆட்சியாளர் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் இரண்டு. கலகம் ஏன் விளைந்தது என்று ஆராய ஒரு விசாரணைக் குழுவை அமைப்பது ஒன்று. மீண்டும் விளைந்தால் அதனை எவ்வாறு அடக்கலாம் என்று கூறுமாறு அனுபவம் முதிர்ந்த நிபுணர் ஒருவரை அழைப்பது மற்றொன்று. பிரித்தானியப் பேரரசின் பல பகுதிகளுக்கு இவ்வாறு அழைக்கப்பட்ட நிபுணர் ஒருவர் நமது இலங்கைப் பொலிஸ் படையின் தலைவராயிருந்தவர் என்பதை இன்று பலர் அறியார். சேர் ஹேர்பேட் டவுபிகின் என்பது அவர் பெயர்.

1880 இல் பிறந்த டவுபிகின் 1901 இல், இருபது வயது இளைஞராக, இலங்கைப் பொலிசிற் சேர்ந்தார். 1913 இல் பொலிஸ் மா அதிபரானார். 1937 இல் இளைப்பாறும் வரை இருபத்து நான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அவருக்கு முன்னரும் பின்னரும் அத்துணை நெடுங்காலம் அதனை வகித்தார் ஒருவருமில்லை. அவர் காலத்தில் நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் பெருகின. கைரேகை, புகைப்படம் ஆகிய முறைகள் துப்பறிதலிற் பெருவழக்காயின. செய்தித் தொடர்பும் போக்குவரத்தும் விருத்தியடைந்தன. கட்டுப்பாட்டிலே கண்டிப்பானவர், நிருவாகத்திலே வல்லவர் என்று மேலிடத்திற் பெயர் பெற்றார்.

ஆயினும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் 1915 என்ற ஆண்டு அழியாத கறையாய் நின்றது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்திலே, கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரம் சில தினங்களிற் பல மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஜூன் 2 ஆந் திகதி இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. கடைகளையும் வீடுகளையும் இழந்து முஸ்லிம் மக்கள் துயருற்றனர். கலவரத்தை அடக்குவதென்ற பெயரால் நிகழ்ந்த அடக்குமுறையோ சிங்கள மக்களின் நெஞ்சிலே ஆறாத புண்ணை ஏற்படுத்தியது. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர்; டி. எஸ். சேனநாயக்கவும் டி. பி. ஜயதிலகவும் அவர்களுள் இருந்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்ட நிரூபண சபையில் இவ்வநீதிகளை எடுத்துரைத்ததும், உலக யுத்தத்தின் அபாயத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று வாதாடியதும், அதுபற்றி 1916 இல் அங்கு நூல் வெளியிட்டதும் நாம் நன்கறிந்த வரலாறு.

ஆளுநர் சேர் றொபேட் சாமேர்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். பொலிஸ் மா அதிபரோ பதவியில் நிலைத்தார். காலச் சக்கரம் சுழன்றது. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் அமுலுக்கு வந்தபோது ஜயதிலக உள்நாட்டு அமைச்சரானார். பொலிஸ் பகுதி அவ்வமைச்சின் கீழ் வந்தது. அன்று சிறையிருந்தவர் அமைச்சர்; அன்று பொலிசுக்குத் தலைமை தாங்கியவர் அவர்கீழ் அதிகாரி. அன்று முதல் ஆறாண்டுகள் இருவரும் ஒரே ஆட்சியிற் பணிபுரிந்தனர்.

இனி, டவுபிகின் ஆலோசகராகச் சென்ற நாடுகளை நோக்குவோம். 1926 இல் சைப்பிரசுத் தீவின் பொலிஸ் படையைச் சீர்திருத்தும் பொருட்டு அவர் சென்றார். நான்காண்டுகளின் பின் பாலஸ்தீனத்திலிருந்து அழைப்பு வந்தது. 1929 ஓகஸ்ட் மாதத்தில், ஜெரூசலத்து மேற்குச் சுவரில் வழிபடும் உரிமை பற்றிய பிணக்கிலிருந்து கிளர்ந்த கலகத்தில் 133 யூதரும் 116 அரேபியரும் மாண்டிருந்தனர். ஹெப்ரோன் நகரில் அறுபத்தேழு யூதர் கொல்லப்பட்டபோது அங்கிருந்த பிரித்தானியப் பொலிஸ் அதிகாரி ஒருவரே. 1926 இல் அங்கிருந்த பிரித்தானிய ஆயுதப் பொலிஸ் படை சிக்கனத்தின் பொருட்டுக் கலைக்கப்பட்டிருந்தது.

1930 ஜனவரியிற் சென்ற டவுபிகின் சில மாதங்களில் விரிவான அறிக்கை சமர்ப்பித்தார். பிரித்தானியரையும் யூதரையும் படையிற் கூடுதலாகச் சேர்த்தல் வேண்டும். முக்கியமான யூதக் குடியேற்றம் எதுவும் காவலின்றி இருத்தலாகாது. முத்திரையிட்ட ஆயுதப் பெட்டிகள் அங்கு வைக்கப்படல் வேண்டும். தெருக்களும் தொலைபேசித் தொடர்பும் பெருகல் வேண்டும். துப்பறியும் பகுதி திருத்தமுறல் வேண்டும். இவை அவர் கூறிய வழிகளுட் சில. அவற்றை நிறைவேற்ற 1931 இல் தலைவராக நியமிக்கப்பட்ட ரோய் ஸ்பைசர், முன்னர் இலங்கைப் பொலிசிலே டவுபிகினின் கீழ்ப் பயின்றவர். இங்கு பயின்ற முறை அங்கு சென்று நிலைகொண்டது என்க.

அதே கலகம்பற்றி ஆராய்ந்த ஷோ விசாரணைக் குழுவும் 1930 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அரேபியரின் அரசியல் அபிலாஷைகள் நிறைவேறாமையும், தம் பொருளாதார எதிர்காலம் பற்றி அவர் கொண்ட அச்சமுமே பகைமைக்கு அடிப்படை என்று அது கூறிற்று. அதனையொட்டி ஒக்டோபரில் அரசாங்கம் ஒரு புதிய கொள்கையை வெளியிட்டது. எதிர்ப்பு எழவே, 1931 பெப்ருவரியிற் பிரதமர் மக்டொனால்ட் எழுதிய கடிதம் அக்கொள்கையை வலுவிழக்கச் செய்தது. “எவ்வாறு அடக்குவது” என்பதற்குக் கிடைத்த விடை செயலாயிற்று. “ஏன் விளைந்தது” என்பதற்குக் கிடைத்த விடை ஏட்டிலே தங்கிற்று.

விளைவு யாது? 1936 இல் அரேபியரின் பெருங்கிளர்ச்சி வெடித்தது. சீர்திருத்தப்பட்ட பொலிஸ் படையால் அதனைத் தாங்க முடியவில்லை. 1937 இறுதியில் மற்றுமோர் ஆலோசகர் வந்தார். அவர் கல்கத்தாவின் பொலிஸ் ஆணையாளராயிருந்த சேர் சாள்ஸ் டெகாட். அவர் கூறிய வழியோ கொங்கிரீற்றுக் கோட்டைகளும் வட எல்லையில் முட்கம்பி வேலியுமாம்.

ஏனைய நாடுகளிலும் இதே கதை. சைப்பிரசில் 1931 ஒக்டோபரில் மக்கள் கிளர்ந்து ஆளுநர் மாளிகையை எரித்தனர். இன்று சாம்பியா என வழங்கும் வட ரொடீசியாவில், 1935 இல் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளர் அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1937 இல் டவுபிகின் அங்கும் சென்று அறிக்கை எழுதினார். 1940 இல் தொழிலாளர் மீண்டும் கூலி உயர்வு கேட்டனர். மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று.

இவற்றிற்கெல்லாம் அந்த ஒரு மனிதரைப் பொறுப்பாளி ஆக்குதல் நியாயமன்று. எத்தனை பேர், எங்கெங்கு, எவ்வாயுதத்துடன் என்பதே அவரிடம் கேட்கப்பட்ட வினா. அதற்கு அவர் திறமையாக விடையளித்தார். மருத்துவனை அழைத்துக் காய்ச்சலின் அளவை மட்டும் கேட்டு, நோயின் காரணத்தைக் கேளாது அனுப்பிய வீட்டாரே பிழையுடையவர். ஆயினும், 1915 ஐக் கண்ணாரக் கண்ட ஒருவர், படையின் தொகையும் சட்டத்தின் கடுமையும் மக்களின் நம்பிக்கைக்கு ஈடாகா என்பதை அழைத்தவர்க்கு உறுதியாய் எடுத்துரைத்திருப்பின், அதுவன்றோ அவருடைய அனுபவத்தின் மெய்யான பயனாயிருந்திருக்கும்?

பல இனத்தவரும் பல மதத்தவரும் கூடி வாழும் நாடுகளுக்கு இவ்வரலாறு ஏற்றதொரு பாடம். காவல் நிலையத்தின் வாயிலில் நிற்கும் ஏழை, தன் இனம் யாதாயினும், தன் மொழி யாதாயினும், உள்ளே தனக்கு நீதி கிடைக்கும் என்று நம்பினால் அந்நாட்டிற் பொலிஸ் படை சிறிதாயினும் போதும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எத்தனை நிபுணர் வந்து எத்தனை அறிக்கை எழுதினாலும் போதாது.