சோழன் ஓடிய சாலைகள்

தஞ்சை வட்டாரத்தில் ஐம்பதைக் கடந்தவர்கள் சிலர் அரசுப் பேருந்தை இன்னமும் 'சோழன் வண்டி' என்று சொல்லக் கேட்கலாம். பேருந்துகளிலிருந்து அந்தப் பெயர் அழிக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்ட காலந்தொட்டு, இங்கே வண்டி என்பது முதலாளியின் சொத்து. அதன் நெற்றியில் அவர் பெயரோ, அவர் கும்பிடும் தெய்வத்தின் பெயரோ, ஏதேனுமொரு 'விலாஸ்' என்பதோ இருக்கும். கும்பகோணத்தில் 'ராமன் அண்ட் ராமன்' அப்படிப் பேர்பெற்ற நிறுவனம். தி.மு.க. அரசு பேருந்துகளை நாட்டுடைமையாக்கி, 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு கழகம் தொடங்கியபோது அதற்குச் சோழன் என்று பெயரிட்டது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன்.

வெறுமனே 'அரசுப் பேருந்து' என்று எழுதியிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும். ஆனால் மேடைகளில் இருபதாண்டுகளாக மூவேந்தர் பெருமை பேசி ஆட்சிக்கு வந்த இயக்கம் அது. அண்ணா அமைச்சரவையின் காலத்திலேயே பேருந்துக்குள் திருக்குறள் ஏறிவிட்டது. வெளியே வேந்தன், உள்ளே வள்ளுவர். பள்ளிக்கூடம் பார்க்காத நடவாளும் அன்றாடம் ஏறி இறங்கும் ஒரு பொருளின்மேல் தன் வரலாற்றுக் கனவை எழுதிவைக்க அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. இதைவிட மலிவான, இதைவிடப் பரவலான பாடநூல் வேறில்லை.

எனினும் அந்தக் கனவில் ஒரு விசித்திரம் உண்டு. பிராமணரல்லாதார் இயக்கத்தின் வழிவந்தவர்கள் தேர்ந்த அரசர்கள், ஊர் ஊராகப் பிரமதேயம் வழங்கியவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்கு ராஜேந்திரன் நிலம் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் பெயராலேயே அறியப்படுகின்றன. தி.மு.க.வுக்கு வெளியே நின்ற கல்கியும் 'பொன்னியின் செல்வன்' வழியே அதே சோழனை வீடுதோறும் கொண்டு சேர்த்திருந்தார். ஆகவே அந்தப் பெயரை யாரும் மறுக்கவில்லை. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பரில். சோழன் வண்டி அந்த வயல்களினூடே ஓடத் தொடங்கியது அதற்கு நான்கே ஆண்டுகளுக்குள். நெல் விளைவித்தவரின் பெயரை வண்டிக்கு வைக்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

பின்னர் பெயர்கள் பெருகின. கட்டபொம்மன், மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ஜீவா என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர். நம்மூர்ப் பட்டுக்கோட்டை அழகிரியின் பெயர் வேலூர் வண்டிகளில் ஓடியது! வேந்தர்களிடமிருந்து தலைவர்களுக்கு வந்தபோதே பெயர் யாருடையது என்ற கேள்வியும் உடன் வந்துவிட்டது என்றே தோன்றுகிறது. 1997இல் விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு, கட்டபொம்மனோடு நின்று போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். அவர் தேவேந்திரகுலத்தவர். அந்தப் பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின.

சுந்தரலிங்கத்தின் பெயரைக் காப்பதற்குப் பதிலாக அரசு எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களுக்கும் அதே விதி. நாகை காயிதே மில்லத் மாவட்டம் வெறும் நாகப்பட்டினம் ஆயிற்று. ஒரு தலித் வீரனைச் சகிக்க முடியாத சமூகத்தின்பொருட்டுச் சோழனும் சேரனும் பதவியிழந்தார்கள். கும்பகோணத்து வண்டிகளில் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதினார்கள். உள்ளே இருந்த குறளை மட்டும் எவரும் அழிக்கவில்லை.