பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயர்

தேசப்பற்று என்றால் கொடியும் அணிவகுப்பும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எனக்கு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அரசு பஸ்ஸில் ‘தமிழ்நாடு’ என்று படிக்கும்போதுதான் உள்ளே ஏதோ அசையும்.

அந்தப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து 1956-இல் விருதுநகர் சங்கரலிங்கனார் 75 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து செத்தார். அது கைகூடியது, இந்த ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை அண்ணா முதலமைச்சரான பிறகு. 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம். 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. மூணே வாரத்தில், பிப்ரவரி 3-இல், அண்ணா போய்ச் சேர்ந்துட்டார்.

ஆனா அவரோட பற்றை ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாது. 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். தலைவரையே மறுத்து, அது இன்ப நாள் என்று எழுதினார் அண்ணா. 1962-இல் மாநிலங்களவையில் எழுந்து திராவிட நாடு கேட்டவரும் அவரேதான். அதே வருஷம் சீனா படையெடுத்ததும் அந்தக் கோரிக்கையை ஓரம் வைத்துவிட்டு யுத்த நிதி திரட்டக் கிளம்பினார். பிரிவினைத் தடைச் சட்டத்துக்குப் பயந்துதான் கைவிட்டார்னு சொல்றவங்க உண்டு. 1963-இல் வந்த அந்தத் திருத்தமும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா 1947-இல் அப்படி எந்தச் சட்டமும் அவர் தலைமேல் தொங்கவில்லையே.