சாலமன் அணையிலிருந்து ஒரு நஞ்சு

1979 நவம்பரில் குயின்ஸ்லாந்து கரையை அடுத்த பாம் தீவில் பிள்ளைகள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். கல்லீரல் வீங்கியது. அடுத்து சிறுநீரகம் பழுதானது, வயிற்றுப்போக்கில் ரத்தம் வந்தது. நோய்ப்பட்ட 148 பேரில் 138 பேர் குழந்தைகள், பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர். பச்சை மாங்காய் தின்றதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பலருக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு உயிரும் போகவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

நோய் வந்த வீடுகளுக்கெல்லாம் சாலமன் அணையின் குழாய்நீர்தான் போயிருந்தது. அணையில் நீலப்பச்சைப் பாசி மண்டித் தண்ணீர் வாடை அடித்ததால், சில நாள் முன்பு மயில்துத்தம் போட்டிருக்கிறார்கள். பாசி செத்தது. ஆனால் அதன் செல்கள் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் குடிநீரில் கரைந்துவிட்டது.

கரைந்தது என்ன? அதற்குப் பெயரே இல்லாததால் எந்தக் கருவியிலும் தேட வழியில்லை. உயிருள்ள உடம்பைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அணையிலிருந்து பிரித்தெடுத்த சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற பாசியை ஆய்வகத்தில் வளர்த்து, உறைய வைத்து உலர்த்தி, அந்தத் தூளின் சாற்றைச் சுண்டெலிகளின் வயிற்றில் ஊசியால் ஏற்றினார்கள். ஹாக்கின்ஸ், ரன்னகர், ஃபால்கனர் உள்ளிட்டோர் 1985இல் முடிவை வெளியிட்டார்கள்: எலிகளின் கல்லீரல் அழுகியிருந்தது, சிறுநீரகமும் கெட்டிருந்தது. தீவுப் பிள்ளைகளைத் தாக்கிய அதே உறுப்புகள். அந்த எலிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வேறு பாசி நஞ்சுகள் எலியை வேகமாகக் கொல்லும். அனடாக்ஸினுக்குச் சில நிமிடம் போதும், மைக்ரோசிஸ்டினுக்கு ஓரிரு மணி நேரம். இதுவோ நாள்கணக்கில் காத்திருந்து கொல்வது. உடம்பு புதிதாகப் புரதம் செய்வதையே இது தடுக்கிறது. விளைவு மெல்லத்தான் தெரியும். 1992இல் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்து, அமைப்பைக் கண்டு, சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்று பெயரிட்டபோது கணக்கும் தெளிவானது. 24 மணி நேரத்தில் பாதி எலிகளைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு 2.1 மில்லிகிராம் தேவை. ஐந்தாறு நாள் காத்திருந்தால் 0.2 மில்லிகிராமே போதும். ஒரு நாளோடு ஏட்டை மூடியவர்கள் நஞ்சைப் பத்தில் ஒரு பங்காகத்தான் மதிப்பிட்டிருப்பார்கள்.

பின்னால் எலியின் இடத்துக்கு ஆர்ட்டீமியாவும் வந்தது. நம் இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீவனமாகும் அதே உயிர்தான். உலர்ந்த முட்டையை உப்புநீரில் போட்டால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும், செலவும் குறைவு. இதிலும் அதே பாடம்: 24 மணி நேரத்தைவிட 72 மணி நேரத்தில் மிகக் குறைந்த அளவே கொல்கிறது. ஆனால் ஆர்ட்டீமியா பிழைத்துக்கொண்டது என்பதை வைத்துத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட முடியாது. அதன் உடம்பு வேறு, பாலூட்டியின் கல்லீரல் வேறு.

பெயர் கிடைத்த பிறகே இந்த நஞ்சைக் கருவிகளால் அளக்க முடிந்தது. வாழ்நாள் முழுதும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல்தான் தற்காலிக வரம்பு வகுத்தது.