அங்காதிபாதமும் சுகரணமும்

மருத்துவக் கல்வியின் முதற்படியாக அமைவன இரு துறைகள். உறுப்புகள் எவ்விடத்தில், எவ்வடிவில், எவற்றோடு பொருந்தி நிற்கின்றன என்று ஆராய்வது ஒன்று. அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்று ஆராய்வது மற்றொன்று. இதயம் நான்கு அறைகளை உடையது என்பது முன்னதன் செய்தி. அவ்வறைகள் சுருங்கி விரிதலால் குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பது பின்னதன் செய்தி. இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல் என வழங்கும் இவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் அங்காதிபாதம், சுகரணம் எனப் பெயர் பெற்றிருந்தன.

அப்பெயர்களை நூலேற்றியவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு மாணாக்கரையும் பயிற்றினார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1860களில் அவர் வகுப்பைத் தமிழ்வழிக்கு மாற்றினார். மாற்றத்திற்கு வேண்டிய நூல்களை அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கினர். கட்டர் எழுதிய அறிமுக நூல், ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என 1857இல் தமிழில் வெளிவந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. இலண்டனில் 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் பெருநூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழுருப் பெற்றது.

இந்நூற்பெயர்களே அக்காலச் சொல்லாக்க நெறியைக் காட்டுகின்றன. இரண வைத்தியம் முன்பே வழக்கில் இருந்த சொற்களால் ஆனது. சுகரணம் வடமொழி வழியில் அமைந்தது. வேதியியல் நூலுக்கு இட்ட ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஆக்கியது. அங்காதிபாதம் என்ற பெயரைக் கேட்கும் புலவர்க்குப் பாதாதிகேசம் நினைவுக்கு வரும். அடிமுதல் முடிவரை உடலை வரிசைப்படப் பாடிய மரபு தமிழுக்குப் புதிதன்று. தோலுக்கு உள்ளேயும் அவ்வரிசையைத் தொடர வேண்டிய தேவையே புதிது.

அங்கேதான் இடர்ப்பாடும் எழுந்தது. ‘நரம்பு’ என்னும் ஒரு சொல்லைக் காண்க. யாழின் தந்தியும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயும் மக்கள் வழக்கில் நரம்பு. மூளையின் ஏவலைக் கொண்டு செல்வதும் நரம்பு. கவிதைக்கு இப்பன்மை செல்வம். அறுவை செய்யும் கைக்கோ ஆபத்து. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு சொல் என வரையறுக்க வேண்டியதாயிற்று. அப்பணி இன்னும் முற்றவில்லை. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்லும் குழாய் இலங்கைப் பாடநூலில் நாடி, தமிழ்நாட்டுப் பாடநூலில் தமனி. குருதியை மீட்டுக் கொணரும் குழாய் அங்கே நாளம், இங்கே சிரை.

கிரீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தார். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பாடமொழி ஆங்கிலமே. அங்காதிபாதமும் சுகரணமும் வழக்கொழிந்தன. அவை வழக்கொழிந்தது பொருள் குறைவால் அன்று, பயில்வார் இல்லாமையால். ஆக்கிய சொல் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் நாள்தோறும் புழங்கினாலன்றி வாழாது. நோயாளி தம் உடலில் நிகழ்வதைத் தம் மொழியில் கேட்டறியும் உரிமை அச்சொல்லின் வாழ்வைப் பொறுத்தது. அதனைக் காக்கும் கடமை மருத்துவர்க்கு எவ்வளவோ, அவ்வளவு சொல்லைத் தொழிலாகக் கொண்ட புலவர்க்கும் உண்டு.