ஒரு பிட் குறைந்த எண்

1960 ஏப்ரல் 1 அன்று எங்கள் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. தலைமையேற்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். மலை அங்கேயேதான் இருந்தது, பதிவேடுகள்தான் மாறின. நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஒரு மதிப்பை இன்னொரு வகையாக மாற்றும் வகைமாற்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் குழு உருவாக்கிய எம்.எல். மொழி, மதிப்பின் வகையைத் தானே ஊகித்துக்கொண்டது. அதன் வழிவந்த ஓகேமல், பிரான்சின் இன்ரியாவிலிருந்து 1996-இல் வெளியானது. இதில் வகை தானாக மாறாது. 3-ஐ 2.5-உடன் கூட்டச் சொன்னால் கம்பைலர் மறுத்துவிடும். கூட்டல் குறிகூடத் தசமத்துக்குத் தனி: '+.'. புதிதாக வருபவர்கள் திட்டுவார்கள். எனக்கு இந்தக் கறார் பிடிக்கும்.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். 64 பிட் கணினியில் முழு எண்ணுக்குக் கிடைப்பது 63 பிட்தான். கடைசி பிட் 1 என்றால் எண், 0 என்றால் நினைவக முகவரி. ஆகவே 3 என்பது, இரட்டிப்பாகி 1 சேர்ந்து, 7 ஆகப் பதிவாகும். இரண்டு எண்களைக் கூட்டினால் 1 மிகையாக நிற்கும். கம்பைலர் அதைக் கழித்துவிடும். தசம எண்ணுக்கோ நினைவகத்தில் தனிப் பெட்டி வேண்டும். கணக்கின் நடுவே வந்துபோகும் விடைகளுக்குப் பெட்டி போடாமல், முடிந்தவரை செயலியின் பதிவகத்திலேயே வைத்துக்கொள்வது கம்பைலரின் சிக்கனம்.

2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5.0, பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடக் கற்றது. அந்த வேலையில் முன்னின்றவர் சென்னை ஐ.ஐ.டி.யின் கே.சி. சிவராமகிருஷ்ணன். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதில் குழு பிடிவாதமாக இருந்ததால், 63 பிட் ஏற்பாடும் அப்படியே தொடர்கிறது.