உயிலும் அதன் பழைய பெயர்களும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சொத்துப் பேச்சு எழும்போது ஒரே தாளுக்கு நான்கு பெயர்கள் காதில் விழும். மலையாளப் பள்ளியில் படித்த தலைமுறை ‘ஒசியத்து’ என்று சொல்லும். வேதப்புத்தகம் வாசித்துப் பழகிய பாட்டி ‘மரணசாசனம்’ என்பார். திருவனந்தபுரத்தில் பெண் எடுத்த வீட்டார் ‘வில்பத்திரம்’ என்பார்கள். பத்திர எழுத்தருக்கும் வக்கீலுக்கும் அது ‘உயில்’. ஒருவர் தம் காலத்துக்குப் பின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் ஆவணம்தான் நான்கும். ஆனால் முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவருக்கு இந்த நான்கு பெயர்களும் ஒன்றல்ல. ஆவணம் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த மொழியில், எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு பெயரும் சொல்லிவிடும். பழைய பெயர் தெரியாதவர் கையில் இருக்கும் தாளையே அடையாளம் காண மாட்டார்.

முதலில் ‘உயில்’. தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலிக்கிறது. குயில், துயில், மயில், வெயில் என்ற வரிசையில் இயல்பாகப் போய் நின்றுவிட்டது. உயிர் என்ற சொல்லின் உறவு என்றுகூடச் சிலர் நினைப்பதுண்டு. அந்த உறவு கிடையாது. ஆங்கிலத்தில் ‘விருப்பம்’ என்று பொருள்படும் ‘வில்’ என்ற பழஞ்சொல்தான் தமிழ் வாயில் உயில் ஆயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லின் முதலொலி நம் வகரம் அன்று. வகரம் பிறக்கப் பல்லும் உதடும் சேர வேண்டும் என்று தொல்காப்பியரே இலக்கணம் வகுத்திருக்கிறார். ஆங்கில ஒலிக்குப் பல் வேண்டாம். உதடு குவிந்தால் போதும். உதடு குவிந்து பிறக்கும் தமிழ் உயிர்களில் ஒன்று உகரம். கேட்டவர்கள் கேட்டபடியே உகரத்தில் தொடங்கினார்கள். அடுத்து வரும் இகரத்தோடு இணைக்க ஒரு யகரம் வந்து சேர்ந்தது. ‘வில்’ என்றே எழுதியிருந்தால் கையில் பிடிக்கும் வில்லும், விற்பதைக் குறிக்கும் வில்லும் குறுக்கே வந்திருக்கும். கன்னடக்காரர்களும் இதே வழியில் போய் ‘உயிலு’ என்கிறார்கள். தெலுங்கர் பாரசீக ‘நாமா’வைச் சேர்த்து ‘வீலுநாமா’ ஆக்கிக்கொண்டார்கள். மலையாளம் வகரத்தையே வைத்துக்கொண்டு, பொருள் குழம்பாமல் இருக்கப் பின்னால் ‘பத்திரம்’ சேர்த்தது.

‘ஒசியத்து’ வந்த வழி வேறு. அரபியில் ‘வஸிய்யத்’ என்றால் பொறுப்பை ஒப்படைத்துச் சொல்லும் சொல், கட்டளை. இசுலாமியச் சட்டத்தில் ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே இப்படி விருப்பம்போல் எழுதிவைக்கலாம்; மீதி வாரிசுகளுக்கு வரையறுத்த பங்கின்படி போய்ச் சேரும். அந்தச் சொல் மலையாளத்தில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாகி ‘ஒஸ்யத்து’ ஆயிற்று. இங்கும் நடந்தது அதே உதட்டு வேலைதான்: குவிந்த உதடு ஒகரமாயிற்று. எல்லா அரபிச் சொல்லும் இப்படி மாறிவிடவில்லை. வக்கீல், வசூல், வாரிசு மூன்றும் வகரத்தோடே நம்மிடம் நிலைத்துவிட்டன. ஒரே உயிலில் ஆவணத்தின் பெயர் ஆங்கிலம், பெறுகிறவரின் பெயர் அரபி, கையெழுத்திடும் சாட்சியின் பெயர் வடமொழி. சொத்துரிமை நம் ஊரில் எத்தனை ஆட்சிகளின் கை வழியாக வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் ஒசியத்து என்ற பெயரைக் கண்டால் அது திருவிதாங்கூர்க் காலத்துத் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை ஆட்சிமொழியாக இருந்த மலையாளத்திலேயே ஆதாரமும் (சொத்துப் பத்திரம்) பாகபத்திரமும் (பாகப்பிரிவினைப் பத்திரம்) ஒசியத்தும் பெரும்பாலும் எழுதப்பட்டன. தாத்தா தமிழ் பேசியிருப்பார். அவருடைய ஒசியத்து மலையாள எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது பெயரான ‘மரணசாசனம்’ குமரிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆலயத்தின் வழியாகப் பழக்கமானது. தமிழ் வேதாகமத்தில் எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. எழுதியவர் இறந்த பிறகே மரணசாசனம் செல்லும் என்பது அங்கு வரும் வாதம். கிரேக்க மூலத்தில் உடன்படிக்கைக்கும் உயிலுக்கும் ஒரே சொல். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘டெஸ்டமென்ட்’டுக்கும் அந்த இரட்டைப் பொருள் உண்டு, அதன் வேர்ச்சொல்லுக்குச் சாட்சி என்று பொருள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் சொல்வதும், தம் உயிலின் தலைப்பில் அவர்கள் எழுதுவதும் இந்த ஒரே சொல்தான்.

இந்தப் பெயர்களெல்லாம் வருமுன் குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இறந்தவர் சொத்து எப்படிப் போயிற்று? மருமக்கள் வழிக் குடும்பத்தில் சொத்து தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக்குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத் தலைவரான காரணவர் அதை நடத்துபவர் மட்டுமே. அவர் காலத்துக்குப் பின் நிர்வாகம் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். தறவாட்டுச் சொத்தைத் தம் விருப்பப்படி எழுதிவைக்க அவருக்கு உரிமை இல்லை; ஆகவே அதற்கு உயிலும் இல்லை. பெற்ற மக்களுக்குக் கிடைத்த பங்குக்கு ‘உகந்துடைமை’ என்று பெயர். உகந்து கொடுக்கும் உடைமை என்று அந்தப் பெயர் சொல்கிறது. நடைமுறையில் அது வழக்காடிப் பெறும் உடைமையாக இருந்தது. மனைவியின் பிழைப்புக்கு உரிய பங்கு ‘நங்குடைமை’. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடியது இந்த வேதனையைத்தான். மக்களுக்கு வாரிசுரிமை தந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடுகிறவர் உயிலைத் தேடிக் களைக்க வேண்டாம். உகந்துடைமை வழக்குகளையும் பாகபத்திரங்களையும் தேட வேண்டும். அவற்றில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமன் பெயர் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சகோதரி வழி மருமகனைக் குறிக்கும் ‘அனந்திரவன்’ என்ற சொல்லை ‘மகன்’ என்று வாசித்துவிட்டால் குடும்ப மரம் அங்கேயே வேறு கிளைக்குத் தாவிவிடும்.

திருவிதாங்கூர்க் கிறிஸ்தவருக்குக் கொல்லம் 1092இல் (1916) தனி வாரிசுச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது ஸ்ரீதனம் மட்டுமே: மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சில பிரிவினருக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. விலக்கில்லாத வீட்டில் மகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த அப்பன் ஒசியத்து எழுதியே ஆக வேண்டும். மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இந்த நிலை நீடித்தது. மற்ற ஆவணங்களில் காணாமல் போகும் பெண்களின் பெயர்கள் அந்தக் காலத்து ஒசியத்துகளில் அகப்படுவதற்கு இது ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்திலும் சொத்தின் பெயரே அது வந்த வழியைச் சொல்லும். 1707இல் டச்சுக்காரர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், தாமே ஈட்டியது தேடியதேட்டம்.

உயில் என்ற சொல்லைத் தந்த ஆங்கிலேயர் தம் முன்னோரைத் தேடும் முறையையும் இங்கே பார்க்க வேண்டும். குலசேகரத்துக்கு அருகே அப்படித் தேடப்பட வேண்டிய ஒருவர் இருக்கிறார். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள். அணையைக் கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் அணையின் அருகிலேயே அடக்கம் ஆகியிருக்கிறார். ஊர் மக்களுக்கு அவர் ‘மூக்கன் துரை’. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் 1777இல் இறந்து அடங்கியவர் திருவிதாங்கூர்ப் படையை நடத்திய ஐரோப்பியரான டிலனாய்; அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். ஊர் இட்ட பெயர் எந்த உயிலிலும் இருக்காது. உயிலில் உள்ள பெயர் ஊர்க்காரர் வாயில் இருக்காது. இரண்டையும் இணைத்துச் சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும்.

இங்கிலாந்தில் இறந்தவரின் உயில் மெய்யானது என்று நீதிமன்றம் ஏற்றுத் தரும் சான்றுக்குப் புரோபேட் என்று பெயர்; மெய்ப்பித்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1858 ஜனவரி 12 முதல் அந்த வேலை அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை ஆண்டுதோறும் பெயர் அகரவரிசைப் பட்டியல் உண்டு. அதற்கு முன்பு உயில்களை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அவற்றில் உயர்ந்தது கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம். 1384 முதலான அதன் உயில் பதிவுகள் இலண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1616இல் மெய்ப்பிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் உயிலும் அங்கேதான். கடல் கடந்து இறந்து இங்கிலாந்தில் சொத்து விட்டுப்போனவர்களின் உயில்களும் அந்த நீதிமன்றத்துக்கே வந்தன. சென்னையில் மெய்ப்பிக்கப்பட்ட வெள்ளைக்காரர் உயில்களின் பதிவுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பிரிவில் காணலாம்.

குமரி மாவட்டத்தில் ஆங்கிலப் பெயரைக் கண்டதும் ஆங்கில மூதாதையைத் தேடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உபதேசிகளுக்கும் செலவை ஏற்ற இங்கிலாந்து நன்கொடையாளரின் பெயரை இடும் வழக்கம் இலண்டன் மிஷனரி சங்கத்தாரிடம் இருந்தது. ‘கிறிஸ்தாயனம்’ பாடிய ஜான் பால்மர் மயிலாடியில் பிறந்த தமிழ்ப் புலவர். அப்படிப்பட்ட பெயரின் கதை புரோபேட் பட்டியலில் கிடைக்காது. மிஷன் அறிக்கைகளிலும் திருச்சபைப் பதிவேடுகளிலும்தான் கிடைக்கும்.

நம் வீட்டுத் தாளுக்குத் திரும்புவோம். ‘கொல்லம் 1096, இடவ மாதம்’ என்று ஓர் ஒசியத்து தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கொல்லம் ஆண்டு சிங்க மாதம், நம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்ட வேண்டும். இடவம் நம் வைகாசி. ஆகவே 1921, மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஆண்டுக்கு அடுத்து ஊரும் பகுதியும் வரும். அதற்கு அடுத்து வீட்டுப் பெயர். பலர் தாண்டிப் போய்விடும் இந்த வீட்டுப் பெயர்தான் தேடலுக்கு மிக முக்கியம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப் பெயர். கடைசியில் சாட்சிகளும் எழுதியவரும் கையெழுத்திடுவார்கள். சாட்சி பெரும்பாலும் அண்டைவீட்டுக்காரராகவோ சம்பந்தியாகவோ இருப்பார். அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் தாள் இல்லையென்றால் எங்கே போவது? இங்கிலாந்துக்காரரைப் போல நீதிமன்றப் பட்டியலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்துக்கள் எழுதிய உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்று முன்பு இருந்த விதி சென்னை போன்ற பழைய மாகாணத் தலைநகர எல்லைகளைச் சார்ந்ததாக இருந்தது. குமரி மாவட்டம் அதற்குள் வரவில்லை. இங்கே தேட வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி உயில்களுக்கு ‘3ஆம் புத்தகம்’ என்று தனிப் பதிவேடு உண்டு. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. அவர் இறந்துவிட்டால் விண்ணப்பிக்கும் எவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது 57ஆம் பிரிவு. இந்தப் பிரிவு சாதாரண மக்களுக்குத் தெரியவே இல்லை என்பது வருத்தத்துக்குரியது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் எல்லா உயிலும் அங்கே இருக்காது. இருப்பதையாவது தேடிப் பார்க்கலாம்.

இன்னும் பின்னால் போக விரும்புகிறவருக்கு ஓலைகள் இருக்கின்றன. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் காத்துவந்த ஓலைகளில் ஒற்றியும் நில விலையும் அடிமை விற்பனையும் பதிவாகியிருக்கின்றன. அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்ததால் இன்று நாம் வாசிக்க முடிகிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலியார் குடும்பம் தன் ஓலைகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததால் ஒரு நாட்டின் வரலாறே பிழைத்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரப்பர் தோட்டம் கைமாறும்போதும் பழைய ஓட்டுவீட்டை இடிக்கும்போதும் பெட்டியோடு எரிக்கப்படும் தாள்கள் ஏராளம். ‘மலையாளத்தில் எழுதியிருக்கிறது, நமக்குப் புரியாது’ என்பதே பெரும்பாலும் காரணம். எரிக்காதீர்கள். மலையாளம் படித்த முதியவர் ஒருவர் இன்னும் உங்கள் ஊரில் இருப்பார். அவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிவையுங்கள். ஒசியத்து, பாகபத்திரம், உகந்துடைமை என்ற பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் உயில் எழுதும்போது சர்வே எண்ணோடு நின்றுவிடாமல் வீட்டுப் பெயரையும், உங்கள் தாயின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் இரண்டு வரியில் சேர்த்து எழுதுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.