நாஞ்சில் சரக்கும் தொலைதூர வாடிக்கையாளரும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சிறு உற்பத்தியாளர்கள் கடல் தாண்டியும் மலை தாண்டியும் வாடிக்கையாளரைத் தேடத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. லேஸ், தேன், பூ, கோயில் நகை, ஏத்தங்காய் சிப்ஸ் என்று சரக்கு மாறி வந்திருக்கிறது. கடிதம், பார்சல், தொலைபேசி, வாட்ஸ்அப் என்று அதை விற்கும் வழியும் மாறியிருக்கிறது. சரக்கைக் கண்ணால் பார்க்காமல், செய்தவரையும் அறியாமல் காசு கொடுப்பவருக்குத் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்திலும் எழுந்துள்ளது. அதற்கு அவ்வப்போது கிடைத்த விடைகளைப் பின்தொடர்ந்தால் இன்றைய இணைய விற்பனை வரைக்கும் வந்து சேரலாம்.

சந்தைகளின் காலம்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நெல்வயல் பகுதியே நாஞ்சில் நாடு. அதன் வணிகத் தலம் கோட்டாறு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிச் சீமையும், மேற்கே திருவனந்தபுரமும், தென்மேற்கே குளச்சல் துறைமுகமும் அதற்கு எட்டும் தொலைவில் இருந்தன. நாகர்கோவிலின் வடசேரியில் கனகமூலம் சந்தை, மார்த்தாண்டத்தில் தொடுவெட்டிச் சந்தை, கல்குளம் வட்டத்தில் திங்கள்சந்தை என்று ஊர்ச் சந்தைகள் வரிசையாக அமைந்தன.

சந்தையில் வாங்குபவர் தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், கருப்பட்டியை உடைத்துப் பார்ப்பார், நெல்லை அள்ளிப் பதரை ஊதிப் பார்ப்பார். விற்பவர் பெரும்பாலும் அறிந்த முகம். சரக்கு மோசமென்றால் அடுத்த சந்தையில் கேட்டுவிடலாம் என்பதால் தனியான உத்தரவாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் தலைச்சுமையும் மாட்டுவண்டியும் சென்ற தூரமே அந்த வணிகத்தின் எல்லையாக இருந்தது.

லேஸ்: மிஷன் கொடுத்த வாக்கு

இந்த எல்லையை முதலில் தாண்டிய சிறுதொழில்களில் நாகர்கோவில் லேஸ் முக்கியமானது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா மால்ட் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியதோடு 1821 வாக்கில் திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை நடப்பில் இருந்தது. அது முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான். லேஸ் பின்னிய பெண்களில் சிலர் அந்தக் கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது தொழிலும் அவருடன் அங்கே சென்றது. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியர் மரி லூயிஸ் டி மீஸ்டர் தொடங்கிய கத்தோலிக்க மடத்திலும் லேஸும் பூத்தையலும் இடம்பெற்றன.

நாகர்கோவிலில் லேஸ் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எந்திர லேஸ் உருவாகிவிட்டது. விலையில் அதனோடு கைவேலை போட்டியிட முடியாது. அப்படியிருந்தும் இங்கிலாந்துக் குடும்பங்களும் இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இதை வாங்கின. சபை நண்பர்களுக்கு மிஷனரிகளின் மனைவியர் எழுதிய கடிதங்களும் மிஷன் அறிக்கைகளும் அதற்கான தேவையை உருவாக்கின. லேஸுடன் அதைப் பின்னிய பெண்ணின் கதையும், அந்த வருமானம் பள்ளிக்குப் போகிறது என்ற செய்தியும் சென்றன. பொருளோடு சேர்த்து அதன் பின்னணியையும் விற்பதை இன்றைய விளம்பரக்காரர்கள் தனிக் கலையாகப் பேசுகிறார்கள். நாகர்கோவிலில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே நடந்தது.

இங்கே தரத்துக்குப் பொறுப்பேற்றது மிஷன். நூலும் மாதிரியும் கொடுத்தது அதுவே; விலை வைத்ததும் அதுவே. பின்னிய பெண்ணின் பெயர் வாங்குபவரைச் சென்றடையவில்லை. வாங்கியவரின் முகவரியும் பின்னியவருக்குத் தெரியாது. இடையில் நிற்பவர் இரு பக்கத்தையும் அறிந்திருக்க, இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் இந்த அமைப்பு பிற்காலத்தில் வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

தேன்: சங்கத்தின் முத்திரை

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் மார்த்தாண்டம் வேறொரு விடையைக் கண்டது. ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்புப் பணி அங்கே 1920களில் வேரூன்றியது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அதை முன்னின்று நடத்தினார். கோழி வளர்ப்பு, கூட்டாக முட்டை விற்பது, கைத்தொழில், தேனீ வளர்ப்பு ஆகியவை சிறு நிலத்துக்காரர்களுக்குக் கற்றுத்தரப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் பாதிரியார் நியூட்டன் 1910களில் இந்தியத் தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த பெட்டியே இங்கும் பரவியது. அடையைப் பிழிந்து எடுக்கும் தேனில் மெழுகும் புழுவும் கலந்திருக்கும். பெட்டியிலிருந்து சட்டத்தை எடுத்துச் சுழற்றும் கருவியில் வைத்துப் பிரித்த தேன் தெளிவாக இருந்தது. வெளியூருக்கு அனுப்பத்தக்க சரக்கு அப்போதுதான் உருவாயிற்று.

1937இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பல வீடுகளில் எடுத்த தேனைச் சங்கம் வாங்கிச் சோதித்து, பதப்படுத்தி, ஒரே பெயரில் புட்டியில் அடைத்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்ட வேளாண் விளைபொருள் தரம்பிரிப்புச் சட்டத்திலிருந்து பிறந்த அக்மார்க் முத்திரையும் பின்னாளில் இதனுடன் சேர்ந்தது. முன்பு மிஷன் நின்ற இடத்தில் இப்போது உற்பத்தியாளர்களே உறுப்பினர்களான அமைப்பு நின்றது.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது தேனும் பெருகியது. ரப்பர் மரத்தின் பூவைவிட அதன் தளிரிலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே தேனீக்கு முக்கிய உணவு. புதுத்தளிர் விடும் மாசி, பங்குனி மாதங்களில் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பது வழக்கமாயிற்று. 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கிய தாய் சாக்புரூட் என்னும் புழு நோய் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. நோய்க்குத் தப்பிய கூட்டங்களிலிருந்தே தொழில் மீண்டும் வளர்க்கப்பட்டது.

ரப்பர்த் தேனுக்கு விற்பனையில் ஒரு சிக்கல் உண்டு. குளுக்கோஸ் மிகுதி என்பதால் அது விரைவில் உறைந்து குருணையாகிவிடும். இது கலப்படமில்லாத தேனின் இயல்பு. வெளியூர் வாடிக்கையாளரோ அடியில் படிந்ததைச் சர்க்கரைப்பாகு என்று நினைக்கிறார். ஊர்க்காரருக்குச் சொல்லாமலே தெரிந்த செய்தியைத் தொலைவிலிருப்பவருக்கு எழுதி விளக்க வேண்டியிருக்கிறது.

பூவும் நகையும்: இடைத்தரகரும் புகழும்

தோவாளைப் பூச்சந்தைக்கு முத்திரை ஒட்ட நேரமில்லை. விடியும் முன்பே கூடும் அந்தச் சந்தையில் பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, கோழிக்கொண்டை எல்லாம் சில மணி நேரத்தில் கைமாறியாக வேண்டும். காலையில் ஏறிய விலை வெயில் ஏறும்போது இறங்கிவிடும். இங்கே பொறுப்பேற்பவர் கமிஷன் கடைக்காரர். விவசாயிக்குக் கணக்குத் தீர்ப்பதும், வெளியூர் வியாபாரி சொன்ன எடையும் பதமும் குறையாமல் அனுப்புவதும் அவர் வேலை. சொன்ன சொல் தவறினால் மறுநாள் அவருக்குக் கொள்முதல் இல்லை.

1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்த பின்னும் பூவின் பெருஞ்சந்தை கேரளமாகவே நீடித்தது. ஓணம் நெருங்கும்போது தோவாளையின் விலை அத்தப்பூக்களத்தைப் பொறுத்தே அமைகிறது. திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வளைகுடா நாடுகளுக்கும் பூ போகிறது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை 1979இலும், நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதை 1981இலும்தான் திறக்கப்பட்டன. அதுவரை பூச்சரக்கு சாலையையே நம்பியிருந்தது.

வடசேரி நகைக்குப் பொறுப்பேற்றது புகழ். வெள்ளியில் அடித்தளம் செய்து, கெம்புக்கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டும் இந்த வேலை கோயில் திருமேனிகளுக்காக வளர்ந்தது. 1930களுக்குப் பின் பரதநாட்டியம் மேடைக் கலையாகப் பரவியபோது தலைசாமானும் ஒட்டியாணமும் நாட்டியக்காரர்களுக்குத் தேவைப்பட்டன. ஆசிரியர் வழியே மாணவிக்குச் செய்தி போனது. தனி விளம்பரம் தேவைப்படவில்லை. புகழ் பரவியதும் வேறிடங்களில் வார்ப்பில் செய்த மலிவு நகைகளும் அதே பெயரில் விற்கப்பட்டன. புகழை மட்டும் நம்பும் வணிகம் போலியைத் தடுக்க முடியாது என்பதை வடசேரி காட்டியது.

பார்சலில் தொடங்கிய தொலைவிற்பனை

பொருள் வீட்டுக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை இணையத்தோடு வந்ததாகத் தோன்றினாலும், இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையை 1877இலேயே தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பத்திரிகைகளில் மருந்து, புத்தகம், கடிகாரம் எல்லாம் அந்த முறையில் விளம்பரமாயின. திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் துறை இருந்தது. அது 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. ஆனால் பத்திரிகை விளம்பரத்துக்கு முன்பணம் வேண்டும். வீட்டில் முந்திரிக்கொத்து செய்து விற்பவருக்கோ பத்துப் பெட்டித் தேன் வைத்திருப்பவருக்கோ அது எட்டாத செலவு. இணையம் மாற்றியது இந்தச் செலவைத்தான்.

கைப்பேசியில் கடை

1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அதனால் முதலில் பயன்பெற்றவர்கள் ஏற்றுமதியாளர்களும் பெருங்கடைகளுமே. சிறுவணிகம் உள்ளே வந்தது 2016க்குப் பின்னர். அவ்வாண்டு யுபிஐ தொடங்கியது; டேட்டா விலையும் வீழ்ந்தது. 2018இல் வாட்ஸ்அப் வணிகச் செயலி வந்தது; 2019இல் அதில் சேர்ந்த வசதியால் சரக்குப் பட்டியலைப் படத்தோடு காட்ட முடிந்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு, கடைத்தெருவை மட்டும் நம்பியிருந்தவர்களையும் இந்தப் பக்கம் தள்ளியது.

இணையம் எல்லாச் சரக்குக்கும் ஒரேமாதிரி உதவவில்லை. தேங்காயெண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி, கிராம்பு, தேன், கெம்பு நகை ஆகியவை கூரியரின் நாலைந்து நாட்களைத் தாங்கும். பிச்சிப்பூவும் மட்டி என்னும் வாழைப்பழமும் தாங்கா. அதனால் மட்டிப்பழத்துக்குப் பெயர் பரவிய அளவுக்கு விற்பனை பரவுவது கடினம். பூவுக்கு வாட்ஸ்அப் விலை கேட்கும் கருவியாகவே பயன்படுகிறது. சிப்ஸுக்கும் தனிச் சிக்கல் இருக்கிறது: எடை குறைவு, இடம் அதிகம், நொறுங்கும் பொருள். அரைக் கிலோ வாங்குபவருக்குக் கூரியர்க் கட்டணம் சரக்கின் விலையை நெருங்கிவிடும் என்பதால், இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து ஒரே பெட்டியாக விற்பதே பலருக்குக் கட்டுப்படியாகிறது.

சட்டமும் இந்த வணிகத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. 2017இல் வந்த ஜிஎஸ்டி, மின்வணிகத் தளங்களில் பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு பெற வேண்டும் என்றது. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும், வரம்புக்குக் கீழான வருவாய் உள்ளவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் நிபந்தனைகளோடு இதில் விலக்கு கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவுதான். என்றாலும் அது வேறு மாநிலம். பழைய சந்தைத் தொடர்பு மேற்கு நோக்கியே அமைந்த இம்மாவட்டத்தின் சிறுவணிகருக்கு அந்த எல்லை இன்றும் கணக்கில் வருகிறது. உணவுப் பொருளென்றால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் பொட்டலத்தின் மேல் 14 இலக்க எண்ணும் தேவை.

இன்றைய உத்தரவாதங்கள்

1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயருக்குக் காப்பு அளித்தது. வடசேரி நகை ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்ற பெயரில் பதிவாயிற்று. மார்த்தாண்டம் தேன், மயிலாடிக் கற்சிற்பம், கன்னியாகுமரி மட்டிப்பழம் ஆகியவற்றுக்கு 2023இலும், தோவாளையின் பூமாலையான மாணிக்கமாலைக்கு 2025இலும் குறியீடு கிடைத்தது. குறியீடு பெற்ற பெயரை வணிகத்தில் பயன்படுத்த, உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாதவருக்குக் குறியீட்டால் வரும் பயன் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தோடு முடிந்துவிடும்.

வாங்கியவர்கள் இடும் நட்சத்திர மதிப்பீடும், பிரபலங்கள் போடும் வீடியோவும் மற்ற இரு உத்தரவாதங்கள். இரண்டும் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதால் விதிகள் வந்தன. இணைய மதிப்புரைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையை வெளியிட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் தந்தது.

ஒவ்வோர் உத்தரவாதமும் ஒரு பகுதிக்கே பொறுப்பேற்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ எண், செய்பவர் பதிவு பெற்றவர் என்கிறது. புவிசார் குறியீடு, பொருள் இந்த ஊரைச் சேர்ந்தது என்கிறது. நட்சத்திரங்கள், முன்பு வாங்கியவர்களுக்குச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்கின்றன. கையிலிருக்கும் இந்தப் புட்டித் தேன் எப்படி என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை. அதற்கு எடுத்த தேனைத் தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பதிவு வைக்கும் பழைய கூட்டுறவு முறைதான் இன்னும் வழி. தனியாக விற்கும் சிறுவணிகருக்கு அந்தச் செலவு கனமானது. சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்தவர்களுக்கு அது பங்காகப் பிரிகிறது. பெரிய மின்வணிகத் தளத்தில் விற்பவரின் வாடிக்கையாளர் முகவரி தளத்தின் கையில் இருக்கிறது. லேஸ் பின்னிய பெண்களின் நிலைக்கு இது நெருக்கமானது. வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்பவரிடம் அந்த முகவரி தங்குகிறது. ஆனால் உத்தரவாதம் முழுவதையும் அவரே சுமக்க வேண்டும். குமரி மாவட்டச் சிறுவணிகர் பலர் தளத்தில் புது வாடிக்கையாளரைப் பெற்று, மறு கொள்முதலை நேரடித் தொடர்புக்குக் கொண்டுவர முயல்வதற்கு இதுவே காரணம்.